சேர்வராயன் மலையும் வேட்டை அறமும்

வேட்டையைக் கண்டிப்பது எளிது. அதன் வரலாற்றைப் பகுத்தறிவது கடினம். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டிற்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்களுக்காகக் காடு அழிந்தது; பின்னாளில் பாக்சைட் சுரங்கங்களும் மலையை அகழ்ந்தன. துப்பாக்கி வெடிக்காமலே விலங்குகள் வாழிடம் இழந்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் பெற்ற வேட்டைக்கு முதலில் இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. அத்தடையை நாம் வரவேற்கிறோம். ஆயினும் உணவுக்காக வேட்டையாடிய, மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியினரையும் கொம்புக்காகச் சுட்ட துரைமாரையும் ஒரே தட்டில் வைக்கும் விலங்குரிமைப் பேச்சில் நீதி குறைகிறது. கொன்ற கையை மட்டும் அது காண்கிறது. காடழித்த கையைக் காண்பதில்லை. அக்காட்டில் விளைந்த காப்பியைப் பருகும் நாமும் அக்கணக்கில் சேர்ந்தவர்களே.