ஒளிரும் நூலேணி



ஓடும் ஆற்றை நிழற்படம் எடுத்தால் ஆறு தோன்றும், ஓட்டம் தோன்றாது. உயிர்களின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருளின் வரலாற்றிலும் ஒரு காலத்தில் இந்நிலையே இருந்தது. 1953ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும், ரோசலிண்ட் பிராங்ளின் முதலியோர் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களின் சான்றுகொண்டு, அது முறுக்கிய நூலேணி போன்றது என நிறுவினர். வடிவம் புலனாயிற்று. ஆனால், அவ்வேணி இரும்புக் கம்பிபோல் விறைத்து நிற்பதா, கயிறுபோல் நெளிவதா? உயிரணு அதனைப் பிரித்தன்றோ செய்தியைப் படிக்கவேண்டும்! ஆதலின் இவ்வினா சிறிதன்று.

விடைக்குரிய கருவி நூறாண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1852இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரில் கொயினாக் கரைசலை வைத்தார். அது நீலமாக ஒளிர்ந்தது. ஒரு கதிரை உண்டு வேறு நிற ஒளியை உமிழும் இப்பண்பே ஒளிர்தல் எனப்படும்.

உண்பதற்கும் உமிழ்வதற்கும் இடையே சிறிது காலம் உண்டு. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை ஊட்டினால், இடைக்காலத்தில் மூலக்கூறு எவ்வளவு திரும்பியதோ அவ்வளவுக்கு, உமிழும் ஒளியின் தளமும் மாறும். 1926இல் பிரான்சின் பெர்ரன் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார்.

டி.என்.ஏ. தானாக ஒளிர்வது மிகமிகக் குறைவு. எனவே, ஏணிப் படிகளுக்கிடையே நுழைந்து நன்கு ஒளிரும் எதிடியம் என்னும் சாயம் துணையாயிற்று. அச்சாயம் அங்கே ஒளிர்ந்திருக்கும் காலம், ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் ஏறத்தாழ 20 பங்கே. இத்துணைச் சிறு பொழுதில் நீண்ட ஏணி முழுவதும் புரளல் இயலாது. ஏணி விறைப்பானதாயின் ஒளியின் தளம் பெரும்பாலும் மாறாதிருத்தல் வேண்டும். 1970இல் வால், பவோலெட்டி, லெ பெக் ஆகியோர் அளந்தபோது, தளம் ஓரளவு கலைந்தே காணப்பட்டது. ஏணி தன்னுள்ளேயே அசைகிறது என்பது தெளிவாயிற்று. அந்த முறுகலையும் வளைதலையும் விளக்கும் கணிதக் கொள்கையை 1979இல் பார்க்லியும் சிம்மும் வகுத்தனர்.

1994இல் ஸ்டீவன் சூ குழுவினர், சாயமேற்றிய ஒற்றை டி.என்.ஏ. இழையை நீட்டிவிட்டு, அது மீளச் சுருள்வதை நுண்பெருக்கியிலேயே கண்டனர்.

மாணவர்களே, படம் ஒன்று கிடைத்ததும் அறிவு நிறைந்துவிடுவதில்லை. 'இஃது அசையுமா?' என்று மேலும் வினவியவர்களாலேயே உயிரின் ஓட்டம் நமக்குத் தெரியலாயிற்று.