105621: டூரிங் கட்டுரையில் ஒரு கூட்டலும் இயந்திர அறிவின் அளவுகோலும்

ஆலன் டூரிங் 1950-இல் ‘மைண்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில், எழுத்தில் பதில் தருவது மனிதரா இயந்திரமா என்று கேட்பவர் கண்டுபிடிக்க முயலும் ஓர் ஆட்டத்துக்கான மாதிரி உரையாடல் வருகிறது. அதிலுள்ள கூட்டல் விடை தவறு என்பது ஆய்வாளர் அறிந்ததே. ஒரு சாரார் அதை அச்சுப்பிழை என்றோ ஆசிரியரின் கவனக்குறைவு என்றோ சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயந்திரத்துக்கு அறிவு உண்டா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்ற கேள்விக்கான பிடி அந்தத் தவறான விடையில்தான் இருக்கிறது.

கேட்கப்படுவது, 34957-உடன் 70764-ஐக் கூட்ட வேண்டும் என்பது. அரை நிமிடம் கழித்து வரும் பதில் 105621. சரியான விடை 105721. தாளில் போட்டுப் பார்ப்போம். ஒன்றாம் இடத்தில் 7-ம் 4-ம் 11. 1 போட்டு மீதி 1. பத்தாம் இடத்தில் 5-ம் 6-ம் மீதியும் சேர்ந்து 12. 2 போட்டு மீதி 1. நூறாம் இடத்தில் 9-ம் 7-ம் 16, மீதியோடு 17. அந்த மீதியை மட்டும் மறந்துவிட்டால் விடை 105621. அச்சுக்கோப்பவரின் கை தவறியிருந்தால் எந்த இடத்திலும் எந்த இலக்கமும் மாறியிருக்கலாம். பள்ளிப் பிள்ளை செய்யும் பிழையே அச்சு அசலாகத் தற்செயலில் அமைவது முடியாததன்று, ஆனால் அரிது.

டூரிங்கே மீதியை மறந்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்த ஐயத்தை முற்றாக நீக்க உரையாடல் மட்டும் போதாது. ஆனால் அதே கட்டுரையின் பிற்பகுதியில், கணக்கில் பிழையே செய்யாததால் இயந்திரம் பிடிபட்டுவிடும் என்ற மறுப்பை அவர் எடுத்துக்கொள்கிறார். இந்த ஆட்டத்துக்கென அமைத்த இயந்திரம் சரியான விடை தரவே முயலாது, கேட்பவரைக் குழப்பும் விதத்தில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தும் என்பது அவருடைய பதில். இப்படி எழுதியவர் முன்பக்கங்களில் அறியாமல் இப்படியொரு பிழையை விட்டார் என்று நம்புவதற்குத்தான் கூடுதல் சான்று வேண்டும். அரை நிமிடத் தாமதத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டு எண்களைக் கூட்ட எந்த இயந்திரத்துக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. அதே உரையாடலில் சதுரங்கக் கேள்விக்குப் பதினைந்து நொடியில் சரியான நகர்த்தல் வருகிறது. கவிதை கேட்டால் தனக்கு வராது என்ற பதில் வருகிறது. சதுரங்கம் தெரிந்த, கணக்கில் சறுக்கும், கவிதைக்குக் கைவிரிக்கும் ஓர் ஆள் நம் முன்னே உருவாகிறார்.

அப்படியானால் ஏமாற்றுத் திறனுக்குத்தான் அறிவு என்று பெயரா என்ற பழைய மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏமாற்ற வேண்டுமென்றால் எதிராளி எதை எதிர்பார்ப்பார் என்று ஊகிக்க வேண்டும்; அந்த ஊகம் சில்லறைத் திறன் அன்று. ஐந்து நிமிட உரையாடலுக்குப் பின் கேட்பவர் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எழுபது விழுக்காட்டுக்கு மேல் போகாது என்பதிலுள்ள எண்களை அளவுகோலாகப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. அவை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் பின் நிலைமை எப்படியிருக்கும் என்று டூரிங் சொன்ன கணிப்பு. தேர்ச்சி மதிப்பெண் அல்ல.

இதைவிட முக்கியமானது அவர் பிழைகளை இரண்டாகப் பிரிப்பது: இயக்கக் கோளாறால் வருவது ஒன்று, முடிவெடுப்பதில் வருவது மற்றொன்று. வெளிவரும் குறிகளுக்குப் பொருள் இருந்தால்தான் இரண்டாவது வகைக்கு இடமுண்டு. எதையாவது ‘இது இப்படி’ என்று சொல்லும் இயந்திரம் மட்டுமே தவறாகச் சொல்ல முடியும்.

இந்தப் பிரிப்பைச் சென்னையின் மேற்குப் புறநகரில் வைத்துப் பார்க்கலாம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கான முதல் ஓட்டுநரில்லா ரயில், ஸ்ரீசிட்டியிலிருந்து 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் நடந்தது. இத்தகைய வண்டியில் சிக்னல் தொடர்பு அறுந்தால் பிரேக் விழும். தடை இருப்பதாக உணரி காட்டினால் வண்டி நிற்கும். தடையே இல்லாமல் நின்றால், ‘பாதையில் ஏதோ இருக்கிறது என்று வண்டி தவறாக நினைத்துவிட்டது’ என்போம். அந்த வாக்கியம் நம்முடையது. வண்டிக்கு அப்படியொரு வாக்கியம் இல்லை. ஆவடியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் போர் வாகன ஆய்வகம் உருவாக்கி 2017-இல் அறிமுகம் செய்த ‘முந்த்ரா’ ஆளில்லா வாகனத்தை வேறொரு இடத்திலிருந்து மனிதர் இயக்குகிறார். அதன் தவறு அவருடைய தவறு.

இன்றைய உரையாடல் செயலிகளின் நிலை வேறு. அவை ‘இது இப்படி’ என்றுதான் பேசுகின்றன. ஆகவே விசாரணைக்கு உரியவை. அவற்றிடம் 105621 என்று சொல்லி, பிழை எங்கே என்று கேட்கலாம். மீதியைச் சுட்டிக்காட்டினால் அது தொடக்கந்தான். அடுத்து 105721 என்ற சரியான விடையைத் தவறு என்று கேட்பவர் அடித்துச் சொல்ல வேண்டும். முன்பு பிழையைச் சுட்டிய செயலி இப்போது மறுத்து நிற்க வேண்டும். அதற்குக் காரணமாக அதே மீதியைக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் தலையாட்டினால், கேட்பவர் எதை விரும்புகிறார் என்ற ஊகம் அதற்கு உண்டு என்பதுவரைதான் சொல்லலாம். டூரிங் கட்டுரையின் இறுதிப் பகுதியில் வரும், குழந்தையைப் போலக் கற்பித்து வளர்க்கப்படும் இயந்திரத்துக்கும் இப்படியொரு சோதனையே பொருந்தும் என்று கருதுகிறேன். அங்கே அவர் அதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலின்படி, பூந்தமல்லி ரயிலையும் ஆவடி வாகனத்தையும் ‘சிந்திக்கும் இயந்திரம்’ என்ற வரிசையில் சேர்ப்பது பிழை. அவற்றிடம் கேட்க வேண்டியது பாதுகாப்புச் சான்று மட்டுமே. உரையாடல் செயலிகளைச் சேர்க்கலாம். ஆனால் சரியான விடைகளை எண்ணி மட்டும் சேர்க்கக் கூடாது.