நெற்றி விளக்குப் பெட்டிக்கு ஓர் உரை

இரவில் படகேறுகிறவர் தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கை ஹெட்லைட் என்றும் நெற்றி விளக்கு என்றும் கேட்டு வாங்குகிறோம். கடைக்காரர் எடுத்துத் தருவது ஓர் அட்டைப் பெட்டி. அதன்மேல் ஏழெட்டு வரிகள் இருக்கும். விலையை ஏற்றுவதும் வாங்குபவரின் மனத்தை இழுப்பதும் அந்த வரிகள்தாம். ஆனால் அவை மலையேறுபவருக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. இருட்டுக் கடலில், ஆடும் படகில், ஈரக் கையோடு நிற்பவர் அவற்றை வேறு விதமாகப் படிக்க வேண்டும். படகுக்கான விளக்கை அதன் உச்ச ஒளியைப் பார்த்து வாங்கக் கூடாது, அது எவ்வளவு தாழ்ந்து எரியும் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிகள் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெட்டியில் உள்ளவை அல்ல. நடுத்தர விலை விளக்குகளில் வழக்கமாக அச்சாகும் வரிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

“அதிகபட்ச ஒளி: 1000 லூமன்”

பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவரும் ஒளியின் மொத்த அளவு லூமன். அமெரிக்காவில் 2009-ல் வகுக்கப்பட்ட எஃப்எல்1 என்ற அளவுமுறையையே நல்ல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி விளக்கைப் போட்ட 30 வினாடிக்குப் பிறகு, 2 நிமிடத்துக்குள் இந்த ஒளி அளக்கப்படுகிறது. அதற்குப் பிறகு விளக்கு சூடேறும். சூட்டைத் தணிக்கப் பெரும்பாலான விளக்குகள் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 1000 என்பது முதல் சில நிமிடங்களின் கணக்கு. நம் கண்ணும் ஒளியை எண்ணிக்கைப்படி உணர்வதில்லை. இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி வேண்டும். 500 லூமன் விளக்குக்கும் 1000 லூமன் விளக்குக்கும் விலையில் உள்ள தூரம் கண்ணில் தெரியாது.

படகில் செய்யும் வேலை எது? தூண்டில் முள்ளில் இரை கோக்கிறோம், நரம்பில் முடிச்சுப் போடுகிறோம், வலையிலிருந்து நண்டைக் கழற்றுகிறோம், என்ஜினின் பிளக்கைத் துடைக்கிறோம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்து வேலை. இதற்கு 5 முதல் 30 லூமன் தாராளம். வெள்ளை ஃபைபர் படகுக்குள் 1000 லூமனைப் பாய்ச்சினால் படகின் உட்புறம் அந்த ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். பனிமூட்டமும் அலைத்தூறலும் இருந்தால் இன்னும் மோசம். நெற்றி விளக்கு கண்ணுக்கு நாலு விரற்கடை மேலே இருக்கிறது. நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி நேராகக் கண்ணுக்குள் வரும். முன்னால் வெள்ளைத்திரை கட்டியது போல ஆகிவிடும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது.

“ஒளி எட்டும் தூரம்: 130 மீட்டர்”

130 மீட்டர் தொலைவில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. விளக்கின் ஒளி தேய்ந்து தேய்ந்து 0.25 லக்ஸ் ஆகும் இடம் வரை அளந்து இந்த எண்ணைப் போடுகிறார்கள். 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் தூரம் கூடக்கூட விலையும் எடையும் சூடும் தாறுமாறாக ஏறுகின்றன.

கடலில் ஒளியைத் திருப்பியனுப்ப மரமோ சுவரோ இல்லை. கருத்த நீர் அதை விழுங்கிவிடும். ஆனால் மிதவையிலும் உயிர்காப்புச் சட்டையிலும் ஒட்டும் ஒளிதிருப்பிப் பட்டைகள் உண்டு. அவை ஒளியை வந்த வழியே, விளக்கை நோக்கியே திருப்பும். விளக்கு கண்ணை ஒட்டி இருந்தால்தான் அந்தப் பளபளப்பு முழுதாகக் கண்ணுக்கு வரும். இந்த ஒரு வேலையில் நெற்றி விளக்கை வேறெதுவும் வெல்ல முடியாது. வலையின் மிதவையில் நாலு அங்குலப் பட்டை ஒட்டியிருந்தால் மிதமான விளக்கே அதைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் விழுந்தவரைத் தேடும்போதும் அப்படித்தான். இன்னும் தொலைவு பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு கை டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணிலிருந்து தள்ளி, இடுப்பளவில் பிடித்தால் தூறலின் எதிரொளிப்பும் குறையும். நெற்றியில் கட்டுவதற்கு அகன்று பரவும் ஒளியே ஏற்றது.

“எரியும் நேரம்: உச்சத்தில் 3 மணி, தாழ்ந்த நிலையில் 120 மணி”

இந்த வரியை அடுத்த வரியோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

“3000 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, டைப்-சி சார்ஜிங்”

லித்தியம் செல்லின் அழுத்தம் ஏறக்குறைய 3.6 வோல்ட். 3000 மில்லியாம்பியர்-மணியை அதனால் பெருக்கினால் 10.8 வாட்-மணி வரும். ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் என்று வைத்துக்கொண்டால் 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வர வேண்டும். பெட்டி 3 மணி என்கிறதே? பொய்யில்லை. எஃப்எல்1 முறையில், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம் முழுவதும் எரியும் நேரமே. 1000 லூமனாகத் தொடங்கி 100 லூமனாகச் சோர்ந்தாலும் கணக்கில் சேரும். 10 லூமனில் வைத்தால் பத்தில் ஒரு வாட் போதும், அதே செல் நூறு மணிக்கு மேல் எரியும். விடியும் வரை நம்பியிருக்கக்கூடிய எண் இந்த இரண்டாவது எண்தான். பெட்டியில் “தாழ்ந்த நிலை” எத்தனை லூமன் என்று தேடிப் பாருங்கள். 5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது. சில விளக்குகளில் மிகத் தாழ்ந்த நிலையே 50, 60 லூமன். அவை படகுக்கு ஆகா.

செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற விளக்கையே தேர்ந்தெடுங்கள். 18650 என்ற பெயரில் விற்கும் செல்லோ, சாதாரண ஏஏஏ செல்லோ, மாற்று ஒன்று நீர்புகாத டப்பாவில் இருந்தால் நடுக்கடலில் கவலையில்லை. உப்புநீர் பட்ட சார்ஜிங் துளையில் கம்பியைச் செருகக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே சார்ஜ் போட வேண்டும்.

“சிவப்பு ஒளி வசதி உண்டு”

மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த வரிதான் படகுக்காரருக்கு முதல் வரி.

நம் விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. பகலில் நிறம் பார்ப்பவை கூம்புச் செல்கள். இரவின் மங்கலில் வேலை செய்பவை கோல் செல்கள். கோல் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. ஒளி பட்டால் அது சிதையும், இருட்டில் மெல்ல மெல்ல மீண்டும் சேரும். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடமும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் சில வினாடி பளீரென்ற வெள்ளை ஒளி பட்டால் அத்தனையும் வீண். துறைமுக வாயிலின் சிவப்பு, பச்சை விளக்குகள், எதிரே வரும் கப்பலின் மங்கிய பக்கவிளக்கு, விளக்கே போடாமல் நங்கூரமிட்டிருக்கும் வல்லத்தின் நிழல், பாறையில் உடையும் அலையின் வெண்மை, இவை எல்லாவற்றையும் காட்டுவது இருட்டுக்குப் பழகிய கண்தான். அதைக் கெடுத்துக்கொண்டு கையில் ஆயிரம் லூமன் வைத்திருப்பதில் பயனில்லை.

கோல் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு, ஏறக்குறைய 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, மிகவும் கூர்மையானவை. ஆழ்ந்த சிவப்பை அவை அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே மங்கிய சிவப்பு ஒளியில் வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கடல் அப்படியே தெரியும். வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசிச் செய்யப்படுவது. அதன் ஒளியில் உள்ள நீலம்தான் இருட்டுக்குப் பழகிய கண்ணை எளிதில் கலைக்கிறது.

சிவப்பு ஒளிக்கும் குறைகள் உண்டு, அவற்றைத் தெரிந்தே பயன்படுத்த வேண்டும். முதலாவது, மங்கலாக இருந்தால்தான் அது கண்ணைக் காக்கும். பளிச்சென்ற சிவப்பும் கெடுதல்தான். இரண்டாவது, சிவப்பு ஒளியில் சிவப்பு நிறம் மறைந்துபோகும். கடல் வரைபடத்தில் கருஞ்சிவப்பு மையில் அச்சான எச்சரிக்கைக் குறிகள் தெரியாமல் போகலாம். கையில் முள் ஏறி இரத்தம் வடிந்தாலும் எவ்வளவு என்று தெரியாது. காயம் பட்டால் தயங்காமல் வெள்ளை ஒளிக்கு மாறுங்கள்.

மூன்றாவது குறையைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கடலில் சிவப்புக்கு ஒரு பொருள் உண்டு. 1972-ல் வகுக்கப்பட்டு 1977-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, கலத்தின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. இரவில் இந்த விளக்குகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு விளக்கைக் காட்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் நெற்றியின் சிவப்பு ஒளியைத் தொலைவில் வரும் கப்பல் ஒரு படகின் இடப்பக்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே சிவப்பு எரியும்போது தலை குனிந்தே இருக்கட்டும், ஒளி படகுக்குள்ளேயே விழட்டும்.

துடுப்பு வலிக்கும் சிறு படகு வழக்கமான விளக்குகளைப் போடாவிட்டால், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்டும்படி வெள்ளை டார்ச்சோ எரியும் லாந்தரோ கைவசம் இருக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். அந்த வேலைக்கு நெற்றி விளக்கின் வெள்ளை ஒளி உதவும். அதை எதிர்ப்படகின் சுக்கான்காரர் கண்ணில் அடிக்காமல், உங்கள் படகின் மேலும் உங்கள் மேலும் பாய்ச்சினால் நீங்கள் யார், எங்கே என்பது தெரியும். என்ஜின் படகுக்கு இது மாற்றாகாது. நீளம் 7 மீட்டருக்குக் குறைந்து, மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் ஓடாத என்ஜின் படகுக்குக்கூட எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று நிலையாக எரிய வேண்டும். நெற்றி விளக்கு தலை திரும்பினால் மறைந்துவிடும்.

சில பெட்டிகளில் “மீனை ஈர்க்கும் பச்சை ஒளி” என்றும் போட்டிருக்கும். பச்சை கோல் செல்களைச் சிவப்பு போலக் காக்காது. எல்இடி முதலிய செயற்கை ஒளியைக் காட்டி மீனைத் திரட்டிப் பிடிப்பதை இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலத்தில் ஒன்றிய அரசு 2017 நவம்பரில் தடை செய்தும்விட்டது. இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

“மினுக்கல் மற்றும் எஸ்ஓஎஸ் நிலை”

நம் கரையில் வலையின் மிதவைகளில் மினுக்கும் சிறு விளக்கைக் கட்டுகிறார்கள். கடல்வழி மிதவைகளும் கலங்கரை விளக்கங்களும் விட்டுவிட்டு ஒளிர்பவையே. அவற்றுக்கு நடுவே ஒரு தலை மினுக்கினால் பார்ப்பவர் தப்பாகவே புரிந்துகொள்வார். மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறிலாக வரும் எஸ்ஓஎஸ் உயிராபத்துக்கான அழைப்பு. விசையைச் சும்மா அழுத்திக்கொண்டே போனால் இது வந்துவிடுகிற விளக்கை வாங்காதீர்கள். நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் வருகிறதென்றால் இருக்கட்டும்.

“ஐபிஎக்ஸ்4”

ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரத்தின் குறி இது. எக்ஸ் என்றால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். 4 என்றால் எப்பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், அவ்வளவே. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையான, நிறுவனமே அறிவித்த ஆழத்துக்கும் நேரத்துக்கும் தாங்கும். மழைக்கு 4 போதும், படகுக்கு 7-க்குக் குறைந்து வேண்டாம். ஆனால் இச்சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்பு உலோக முனைகளை அரிப்பதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. கரை திரும்பியதும் விளக்கை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரப்பர் வளையத்தில் மணலோ முடியோ ஒட்டியிருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

“எடை 90 கிராம், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்”

அது தரையில் போட்டுப் பார்த்த சோதனை. படகில் விளக்கு விழுவது தண்ணீருக்குள்தான், பெரும்பாலானவை மிதப்பதில்லை. பட்டையிலிருந்து சட்டைக் காலர் வரை ஒரு சிறு கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

பெட்டியில் இல்லாத வரி

இத்தனை வரிகளிலும் விசையைப் பற்றி ஒன்றுமில்லை. முதல் அழுத்தலில் எந்த ஒளி வரும்? சிவப்புக்குப் போக வெள்ளையின் உச்சத்தைக் கடந்துதான் போக வேண்டுமா? அப்படியானால் ஒவ்வொரு முறையும் உங்கள் கண்ணும், கூட இருப்பவர் கண்ணும், அணியத்தில் நின்று முன்னே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணும் அரைமணி நேரத்துக்குக் கெடும். பெட்டியில் மட்டும் சிவப்பு இருந்து, விசையின் வரிசையில் அது கடைசியில் இருந்தால் அந்த வசதி இல்லாததற்குச் சமம். பைக்குள் தானாக எரிந்துவிடாமல் பூட்டும் வசதி இருக்கிறதா என்பதும் விசையில்தான் தெரியும்.

கடைக்காரரிடம் செல்லைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விரலை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விசையைத் தடவிக் கண்டுபிடித்து ஒருமுறை அழுத்துங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முதலில் வருவது சிவப்பாகவோ தாழ்ந்த வெள்ளையாகவோ இல்லையென்றால், பெட்டியில் எத்தனை ஆயிரம் லூமன் போட்டிருந்தாலும் அந்த விளக்கை வாங்காதீர்கள்.