வயலும் வனமும்: கல்முனைக் கரையின் கதை



கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் ஊர்களை நினைத்ததும் நம் கண்முன் தோன்றுவன இரண்டு. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இவற்றினிடையே ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவ்வயல்களுக்கு உயிரூட்டுவது பட்டிப்பளை ஆறு. சிங்களத்தில் அதனைக் கல்லோயா என்பர்.

முன்னாளில் இவ்வாறு மாரியில் கரைபுரளும்; கோடையில் மெலியும். 1949ஆம் ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. அதன் கீழே காடு வயலாயிற்று.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். அத்தேக்கத்துக்கு நீர் தரும் காடுகளைக் காப்பதற்கென்றே 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. மரம் நின்றால் மண் நிற்கும். மண் நின்றால் குளம் தூராது. வயலின் நலம் கருதிக் காத்த வனத்திலே யானையும் சிறுத்தையும் புகலிடம் பெற்றன. தேக்கத்தின் நடுவே தீவுகளாகிவிட்ட குன்றுகளுக்கு யானைகள் நீந்திச் செல்வதை இன்றும் காணலாம்.

ஆயினும், வயலாகிவிட்ட காட்டை யானை மறப்பதில்லை. விளைந்த வேளாண்மையை நாடி வருகிறது. பரணில் இரவெல்லாம் கண்விழிக்கும் உழவனிடம் யானையைக் காக்கும்படி கூறுதல் எளிது. அவனது நட்டத்தில் பங்குகொள்வதே நேர்மை.

கரையோரத்திலும் இத்தகைய சோதனை ஒன்று நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இவ்வூர்களைச் சிதைத்தது. அதன்பின், கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுதல் சில காலம் தடுக்கப்பட்டது. வீடிழந்தோர் எங்கே செல்வர்? மேற்கே வயல் நிலங்கள் சில மண்ணிட்டு நிரப்பப்பட்டன. அவர்களைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

எனினும், தாழ்ந்த வயலும் சதுப்பும் வெறுநிலம் அல்ல. மாரி வெள்ளத்தை ஏந்தும் கலம் அவை. மட்டக்களப்பு வாவியின் தென்கோடி இப்பகுதியை எட்டுகிறது. வாவியோரக் கண்டற்செடிகளின் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்கின்றன. ஈரவயலில் கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. சதுப்பைத் தூர்த்தால் பறவை மட்டுமா இடமிழக்கும்? வெள்ளமும் இடமிழந்து நம் முற்றத்துக்கே வரும்.

உயிர்களைக் காத்தல் என்பது மனிதரை அகற்றுதல் அன்று. இந்நிலம் மனிதர் கைபட்டு உருவான நிலம். இனியும் அவ்வாறே இருக்கும். குடிகளுக்கு மனையளக்கும் கயிறு, வெள்ளத்துக்கும் யானையின் வழிக்கும் சேர்த்தே இடம் அளக்கட்டும். நீரைக் காக்க எண்ணிய ஒரு தலைமுறை வனத்தையும் காத்தது. வனத்துக்குச் செய்த அந்த நன்மையே வாய்க்கால் வழியாக நம் வயலுக்கு இன்றும் வந்து சேர்கிறது.