மீன்தொட்டி பம்ப்பு, கார் ரேடியேட்டர், ஒரு போர்க்கப்பல்

போன மாசம் ஒரு நோட்டுத்தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு டெஸ்க்டாப்புக்கு நானே தண்ணீர்க் குழாய் போட்டுக் குளிர வைக்கலாம் என்று ஆசை. ப்ராசசர் மேல ஒரு வாட்டர் பிளாக், கிராபிக்ஸ் கார்டு மேல ஒன்று, ரெண்டு ரேடியேட்டர், ஒரு பம்ப், ஒரு சின்னத் தொட்டி. கணக்குப் போட்டதில் பட்ஜெட் எகிறியது. ஒரு ரேடியேட்டர் மட்டும் பாதி விலையில் கிடைத்தது. அது அலுமினியம். மத்ததெல்லாம் செம்பு. வாங்கலாமா வேண்டாமா என்று தேட ஆரம்பித்தவன், 1761-ல் போய் நின்றேன். அதுக்கு முன்னாடி வழியில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் விடுவது விளையாட்டுப் பசங்க கண்டுபிடித்த வேலை இல்லை. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளங்கை அளவு, 90 மில்லிமீட்டர் சதுரப் பீங்கான் பலகை ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்புகள். ஒரு பலகைக்கு 300 வாட் வரைக்கும் சூடு. ஃபேன் வைத்து ஊதினால் தாங்காது. அதனால் ஒவ்வொரு சிப்பின் முதுகையும் ஸ்பிரிங் வைத்த சின்ன அலுமினியப் பிஸ்டன் ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். இடைவெளியில் ஹீலியம் வாயு, ஏன்னா காற்றைவிட அது சூட்டை நல்லாக் கடத்தும். இதெல்லாம் மூடிய பெட்டிக்குள். தண்ணீர் அந்தப் பெட்டியின் மேல்தட்டுக்குள்தான் ஓடும், சிப்பைத் தொடவே தொடாது. இப்போ நாம் வாங்குகிற வாட்டர் பிளாக்கும் அதே யோசனைதான், எளிமையான வடிவத்தில்.

அப்புறம் சீமாஸ் சிப்புகள் வந்தன. வேலை அதிகம், சூடு கம்மி. 1994-ல் ஐபிஎம்மே காற்றில் குளிரும் பெரிய கம்ப்யூட்டர்களை விற்க ஆரம்பித்தது. தண்ணீர்க் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

நாலே வருஷம். 1998-ல் இன்டெலின் செலரான் 300ஏ வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் சிப், ஆனால் 450-க்கு ஏற்றினாலும் பல பேருக்கு ஓடியது. மலிவுச் சிப்பில் விலையுயர்ந்த வேகம் கிடைக்கிறது என்றால் சும்மா இருப்பார்களா? இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று போட்டி. ஏற்ற ஏற்றச் சூடு. கடையில் ரெடிமேடாக எதுவும் பெரிசாகக் கிடைக்காத காலம் அது. என்ன செய்தார்கள்? பழைய காருக்குள் வெதுவெதுப்பாக்கும் சின்ன ரேடியேட்டரைக் கழற்றினார்கள். மீன்தொட்டிக்குப் போடும் பம்ப்பை வாங்கினார்கள். செம்புக் கட்டியில் டிரில் போட்டு வாட்டர் பிளாக் செய்தார்கள். குழாய் ஹார்டுவேர் கடையிலிருந்து. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இரவல் வாங்கிய தடயம் இன்னும் இருக்கிறது. குழாய் மாட்டும் பிட்டிங்குகள் எல்லாமே ஜி கால் அங்குல மரை. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்க, வெளி விட்டம் 13 மில்லிமீட்டருக்கு மேல வரும், அதாவது அரை அங்குலத்தையே தாண்டும்! கால் அங்குலம் என்பது மரையின் அளவே இல்லை. பழைய பிரிட்டிஷ் இரும்புக் குழாயின் உள்துளைக்கு வைத்த பெயர், குழாய் மாறியும் பெயர் மாறவில்லை.

சரி, திட்டத்துக்கு வருவோம். எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வது, எதுக்கு அப்புறம் எதை மாட்டுவது என்பதில்தான். ப்ராசசரில் சூடான தண்ணீர் நேரே கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாமா? கணக்குப் போட்டால் பயம் போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க கிட்டத்தட்ட 4,200 ஜூல் வேணும். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடி, மொத்தச் சூடு 400 வாட் என்றால், ஒரு முழுச் சுற்றில் தண்ணீர் ஏறுவது ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. வரிசை எப்படி இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு விதி: தொட்டி பம்ப்புக்கு முன்னாடி, அதைவிட உயரத்தில் இருக்கணும். இந்த பம்ப்புகளுக்கு உள்ளே ஓடுகிற தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்து ஓடினால் பம்ப் போச்சு.

இன்னொன்று, ரேடியேட்டர் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. சென்னையில் மே மாசம் அறையே 36 டிகிரி என்றால், தண்ணீர் அதுக்கு மேலதான்.

இப்போ அந்த 1761. பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடித்தது. மரத்தைத் துளைக்கும் புழுவும் பாசியும் அண்டக் கூடாது என்று. அடித்தது இரும்பு ஆணியால். மேற்கிந்தியத் தீவுகள் வரை போய் வந்த கப்பலை 1763-ல் சோதித்தார்கள். பல இடங்களில் ஆணி அரித்து, தகடே கழன்றிருந்தது. ஆனால் சில ஆணிகள் மட்டும் புதுசு போல இருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் கிழியாமல் மாட்டிக்கொண்ட இடங்கள் அவை. மின்கலம் கண்டுபிடிக்க இன்னும் முப்பத்தேழு வருஷம் இருந்த காலம். காரணம் தெரியாமலே தீர்வு தெரிந்தது: ரெண்டு உலோகமும் தொடக் கூடாது.

1824-ல் ஹம்ஃப்ரி டேவி இதையே திருப்பிப் பயன்படுத்தினார். செம்போடு துத்தநாகத்தையும் இரும்பையும் வேணுமென்றே சேர்த்தார். அவை அரிந்து செம்பைக் காப்பாற்றின. ஆனால் செம்பு கரையாததால் அதன் விஷமும் போய்விட்டது, பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது. பாவம் மனுஷன்.

என் தாளில் இருந்ததும் அலார்ம் கப்பல்தான். கடல்நீருக்குப் பதில் கூலன்ட், இரும்புக்குப் பதில் அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்தால் தள்ளிப்போகும், காரில் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் மருந்து தீரும், மாற்ற மறந்துபோகும். நண்பர் ஒருவர் கலந்து மாட்டி, ஒரு வருஷத்தில் பிளாக்கின் மெல்லிய பள்ளங்கள் முழுக்க வெள்ளைச் சேறு அடைத்த படம் அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு அலுமினிய ரேடியேட்டரை அடித்துவிட்டேன். இப்போதைக்கு ஒரே ஒரு செம்பு ரேடியேட்டர், 360 மில்லிமீட்டர். கிராபிக்ஸ் கார்டு இந்த வருஷம் ஃபேனோடவே ஓடட்டும்.