கறுப்பு வெள்ளைக் களம் – 14
தோற்றவர் பெயரில் ஒரு தாக்குதல்

1918 அக்டோபர் 23. நியூயார்க் போட்டியில் கியூபாவின் கபாபிளாங்காவும் அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷலும் மோதினார்கள். 1909-இல் இதே கபாபிளாங்காவிடம் மார்ஷல் 8–1 என்று தோற்றிருந்தார். 14 ஆட்டங்கள் டிரா.

கபாபிளாங்கா ரூய் லோபஸ் தொடக்கத்தில் இறங்கினார். எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் டி5 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளியதும் ஆட்டத்தின் போக்கே மாறியது. ஒரு சிப்பாய் பறிபோகும். பதிலுக்குக் கறுப்புக் காய்கள் மளமளவென வெள்ளை ராஜாவை நோக்கிப் பாயும். வெள்ளையின் ராணிப்பக்கத்து யானை, குதிரை, மந்திரி மூன்றும் கிளம்பாமல் நிற்கும். எதிராளி வலை விரித்திருக்கிறார் என்று தெரிந்தே கபாபிளாங்கா சிப்பாயை வெட்டினார்.

15-ஆவது நகர்த்தலில் மார்ஷலின் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டியது. அதை ராணியால் வெட்டியிருந்தால் கறுப்பின் கை ஓங்கியிருக்கும். கபாபிளாங்கா நிதானமாக யானையை ஈ2-க்கு நகர்த்தினார். அடுத்தடுத்த செக்குகளுக்கு நடுவே அவருடைய ராஜா எஃப்1, ஈ2, டி3, சி2 என்று நடந்தே ஆபத்தைக் கடந்தது. கறுப்பு ராணியும் மந்திரியும் ஆளில்லாத மூலையில் மாட்டிக்கொள்ள, வெள்ளைச் சிப்பாய்கள் மறுபக்கம் முன்னேறின. 36-ஆவது நகர்த்தலில் கபாபிளாங்கா வென்றார்.

இந்த ஒரு நாளுக்காக மார்ஷல் ஆண்டுக்கணக்கில் ரகசியம் காத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் 1917-லேயே வேறொருவருக்கு எதிராக இதே டி5 தாக்குதலை அவர் ஆடியிருக்கிறார். ரகசியக் கதையைவிட அந்த யோசனையின் ஆயுள்தான் பெரிய அதிசயம்.

பழுது யோசனையில் இல்லை, 11-ஆவது நகர்த்தலில் இருந்தது. டி5-இல் நின்ற குதிரையை மார்ஷல் எஃப்6-க்குப் பின்வாங்கினார். அதற்குப் பதில் சி6-க்குச் சிப்பாயை நகர்த்தினால் குதிரை நடுக்களத்திலேயே ஊன்றி நிற்கும், தாக்குதலும் தளராது. இந்தத் திருத்தம் வந்தபின் மார்ஷல் தாக்குதல் உலகத்தரத்துக்கு உயர்ந்தது. 1965-இல் டாலுடன் மோதியபோது ஸ்பாஸ்கி இதையே கையில் எடுத்தார். 2004 உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக்கை லேகோ கறுப்புக் காய்களில் வீழ்த்தியதும் இதே ஆயுதத்தால்தான். இதற்குப் பயந்தே எட்டாவது நகர்த்தலில் வேறு பாதைக்கு விலகும் கிராண்ட்மாஸ்டர்கள் பலர்.

அன்றைய புள்ளி கபாபிளாங்காவுக்குப் போனது. துணிந்து ஆடித் தோற்ற மார்ஷலின் பெயரையே தொடக்க ஆட்ட நூல்கள் இன்றுவரை சுமக்கின்றன.

(தொடரும்)