நீலமும் செங்கல் சிவப்பும்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவருக்கு நிறம்தான் கணக்கு. சர்க்கரை வியாதி கண்ட குழந்தையின் தாயாருக்கும் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. பெனடிக்ட் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவாள். நீலம் மாறாவிட்டால் நிம்மதி; பச்சை என்றால் கவலை; செங்கல் சிவப்பு என்றால் பேச்சே எழாது. ஆனால் அது சொன்னதெல்லாம் சில மணி நேரத்துக்கு முந்திய கதை! சர்க்கரை தாழ்ந்து நடுநிசியில் பிள்ளை நினைவிழந்து கிடந்தாலும் நீலம் நீலமாகவே இருக்கும்.

அதற்கும் முன்னால் அந்தக் கவலைகூட இல்லை. வியாதி வந்த குழந்தை பிழைப்பதில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்தில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஏற்றிய பிறகே அந்த விதி மாறியது. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948-ல்.

1962-ல் லீலண்ட் கிளார்க் என்பவர், மின்முனையில் ஒரு நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை அளக்க வழி சொன்னார். இன்றைய சென்சார் அதன் வாரிசு. புஜத்தில் ஒட்டிக்கொண்டு, தோலுக்கடியில் ஊறும் நீரில் சர்க்கரையைச் சில நிமிஷத்துக்கொரு முறை பார்க்கிறது. இரத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கித்தான். சர்க்கரை இறங்கினால் மணி அடிக்கிறது. பிள்ளை நினைவோடிருக்கும்போதே தாயார் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடலாம்.

ஒன்றை ஒட்டினால் இரண்டு வாரம் போல வரும். பிறகு புதிது வாங்க வேண்டும். தறிக் கூலியில் அது சாமானியச் செலவல்ல.